படிகளை எண்ணிப் பாருங்கள்: பழைய சென்னைப் படங்களின் இடமும் காலமும்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இருக்கும் மாமி ஒருவர் சென்ற ஆண்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே நாற்பது, ஐம்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். ஓரங்களில் பல் வெட்டிய, உள்ளங்கை அளவுப் படங்கள். மேலாகக் கிடந்த ஒன்றில் கடற்கரை மணலில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், பாறையை நெம்பித் தள்ளும் நான்கு ஆண்களின் சிலை. வலது ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி, அதன் பலகையில் இரண்டு வரி எழுத்து. படத்தைத் திருப்பினால் ‘மெட்ராஸ் பீச்’ என்று மட்டும் நீல மசியில் எழுதியிருந்தது.

“எப்ப எடுத்தது மாமி?”

“அதுதான் தெரியலை. உனக்குத்தான் இதெல்லாம் வருமே, பார்த்துச் சொல்லு.”

சிலையிலிருந்து தொடங்கினோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-இல்தான் மெரினாவுக்கு வந்தது. படம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. அடுத்தது வண்டிப் பலகை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது ‘சென்னை’ என்ற சொல் பிடிபட்டது. அதில் இருந்த ‘னை’ இன்று நாம் எழுதும் ‘னை’ அல்ல. ன-வின் தலையில் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு ஏறியிருந்தது. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை பள்ளிப் புத்தகத்திலும் அரசுப் பலகையிலும் அப்படித்தான் இருந்தது. ஆக, 1959-க்கும் ஏறக்குறைய 1980-க்கும் இடையில் என்று வந்தது. இருபது வருஷம். இதற்குமேல் கல்லும் எழுத்தும் உதவவில்லை.

“மடியில இருக்கற குழந்தை யாரு?”

“என் தம்பி. அறுபத்து மூணுல பொறந்தான். பக்கத்துல ரெட்டைப் பின்னலோட இருக்கறது நான்.”

குழந்தை பிடிமானமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வயது ஒன்று இருக்கலாம். படம் 1964 என்று மாமியே முடிவுக்கு வந்துவிட்டார்.

பழைய படத்துக்கு இடமும் காலமும் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க இந்தப் பத்து நிமிஷத்துக்குள் இருக்கிறது. ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று ஒரு பொருள் சொல்லும். ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று இன்னொன்று சொல்லும். மிச்ச இடைவெளியை, படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த ஒருவர் மூடுவார். அந்த மூன்றாமவர் போய்விட்டால் இடைவெளி அப்படியே நின்றுவிடும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாமி அன்றைக்கு வந்ததை நான் பெரிதாக நினைப்பது அதனால்தான்.

சென்னையில் இதற்குக் கடற்கரையே ஒரு நல்ல அளவுகோல். இன்று மெரினாவில் சாலையிலிருந்து அலைக்குப் போக மணலில் நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த படங்களில் அந்த மணலைக் காணோம். புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறது. காரணம் துறைமுகம். வங்கக் கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் நீளத் தொடங்கின. 1881-இல் பெரும்புயல் அடித்து அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். சுவர் மறித்ததும் மணல் அதற்குத் தெற்கே சேர ஆரம்பித்தது. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது கடலோர நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டது அந்த 1880-களில்தான். ஆகவே சேப்பாக்கம் பக்கத்துப் படம் ஒன்றில் மணல் எவ்வளவு அகலம் என்று பார்த்தாலே அது எந்தத் தலைமுறைப் படம் என்று சொல்லிவிடலாம். இதே கதையின் மறுபாதி வடக்கே நடந்தது. போகவேண்டிய மணல் போகாததால் ராயபுரம், காசிமேடு கரைகளைக் கடல் அரித்தது. அங்கே எடுத்த பழைய படத்தில் அகலமான மணலும் அதில் காயும் வலைகளும் இருந்தால், இன்று அந்த இடம் அலைக்குள்ளோ கருங்கல் தடுப்புக்குக் கீழேயோ இருக்கலாம். தெற்கே வளர்ந்த கரையை ஊரே கொண்டாடுகிறது. வடக்கே தேய்ந்த கரைக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி பெரும்பாலும் இந்தப் படங்கள்தான்.

கடலுக்கு அடுத்து கலங்கரை விளக்கங்களைச் சொல்வேன். இந்த ஊருக்கு நான்கு. முதலாவது 1796-இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் கூரைமேல் எரிந்தது. இரண்டாவது 1844-இல் கோட்டைக்கு வடக்கே தனித்து எழுந்த கருங்கல் தூண். அந்தத் தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. பக்கத்தில் போகிற பலருக்கு அது என்னவென்று தெரியாது. 1892-இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டு, 1894-இல் விளக்கு அதன் பெரிய கோபுரத்துக்கு ஏறியது. நான்காவது, மெரினாவின் தெற்குக் கோடியில் 1977-இல் வந்தது. தூண் மட்டும் தனியாக நின்று, பின்னால் சிவப்புக் கோபுரங்கள் இல்லாத படம் என்றால் 1890-களுக்கு முந்தையது. சாந்தோம் பக்கம் பார்த்து எடுத்த படத்தில் உயரமான கலங்கரை விளக்கம் இருந்தால் 1977-க்குப் பிந்தையது. அதே சாந்தோமில் ஊசிக் கோபுரத்தோடு நிற்கும் வெள்ளைத் தேவாலயம் 1890-களில் புதிதாகக் கட்டி 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முந்தைய படங்களில் இருப்பது போர்ச்சுக்கீசியர் காலத்துச் சிறிய கோயில். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 1906-இல் எழுந்தது. குளமும் தென்னைகளும் இருந்து, அந்த உயரக் கோபுரம் இருக்கவேண்டிய இடத்தில் வானம் மட்டும் தெரிந்தால், ஒளிப்படக்காரர் 1906-க்கு முன்பு நின்றிருக்கிறார்.

பூங்கா நகர் ஓரமும் இப்படி ஒரு நாட்காட்டிதான். சென்ட்ரல் 1873, விக்டோரியா பொது மண்டபம் 1880-களின் இறுதி, மூர் மார்க்கெட் 1900, ரிப்பன் கட்டடம் 1913. இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகலாம். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீப்பிடித்து அழிந்தது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. பாரிமுனையில் டேர் ஹவுஸ் 1940 வாக்கில் வந்தது. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. 1959. சாலை நடுவே டிராம் தண்டவாளம் ஓடினால் 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்ட காலம். பேருந்தின் பக்கவாட்டில் ‘பல்லவன்’ என்றிருந்தால் 1972-க்குப் பின். வண்டியின் எண் பலகை ‘டிஎன் 01’ என்று தொடங்கினால் 1989-க்குப் பின்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பலகையில் ‘சென்னை’ என்று இருப்பதால் அது 1996-க்குப் பிந்தைய படம் என்று பலர் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். 1996-இல் மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே சென்னைதான். அதேபோல் புதிய ‘னை’ இருப்பதாலேயே 1978-க்குப் பின் என்றும் சொல்லிவிடக் கூடாது. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935 முதலே அந்த எழுத்தைப் பயன்படுத்தினார். இயக்கச் சுவரொட்டிகளிலும் அது இருக்கும். மறுபக்கம், ஆணை வந்த மறுநாளே எல்லாப் பலகை எழுதுகிறவர்களும் கையை மாற்றிக்கொண்டார்களா என்ன? பழைய பலகைகள் வெயிலில் வெளுத்து உதிரும்வரை தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

படத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் குறிப்பை நம்புவதில் இன்னும் கவனம் வேண்டும். ‘பிளாக் டவுன்’ என்றிருந்தால், ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் அந்தப் பகுதி ஜார்ஜ் டவுன் ஆவதற்கு முந்தையது என்று கொள்ளலாம். ‘எட்வர்ட் எலியட்ஸ் ரோடு’ என்றால் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. ‘லாயிட்ஸ் ரோடு’ அவ்வை சண்முகம் சாலை. ‘மௌபரீஸ் ரோடு’ டி.டி.கே. சாலை. ‘சைனா பஜார்’ என்.எஸ்.சி. போஸ் சாலை. இந்தப் பெயர்மாற்ற அட்டவணை மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ‘எஸ்பிளனேட்’ என்று மட்டும் இருந்தால் நிதானிக்க வேண்டும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் எஸ்பிளனேட் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற வண்ணத் தபால் அட்டைகளில் பல ஜெர்மனியில் அச்சானவை. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் வண்ணம் ஏற்றியவர்கள் இந்த ஊரைப் பார்த்தவர்கள் இல்லை. அதனால் ஒரு கட்டடம் அக்காலத்தில் மஞ்சளா சிவப்பா என்பதற்கு அந்த அட்டை சாட்சியாகாது. அட்டையின் தபால் முத்திரையும் ‘இந்தத் தேதிக்கு முன் எடுத்தது’ என்பதைத்தான் சொல்லும். பத்து வருஷம் பழைய படத்தையே மறுபடி மறுபடி அச்சிட்டு விற்றிருப்பார்கள்.

கண்ணாடித் தகட்டிலிருந்து நகலெடுக்கும்போது தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகிவிடும். தெருவே எதிர்ப்பக்கம் போய்விடும். எந்த வரைபடத்தோடும் பொருந்தாது. பெயர்ப் பலகை இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் நான் புடவைகளைப் பார்ப்பேன். மாராப்பு எல்லாருக்கும் வலது தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். நிழலும் பேசும். மெரினாவிலும் ராஜாஜி சாலையிலும் பெரிய கட்டடங்களின் முகப்பு கடலை, அதாவது கிழக்கைப் பார்த்தது. முகப்பில் வெயில் அடித்தால் காலை, முகப்பு இருண்டிருந்தால் மாலை. இன்னொரு நுட்பம் உண்டு. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது மதிய நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. திசை தெரிந்த தெருவில் மதிய நிழல் தெற்கே சாய்ந்திருந்தால், அந்தப் படம் கோடையிலோ ஆடி மாதத்தையொட்டியோ எடுத்தது.

தெருவே வெறிச்சோடிக் கிடக்கும் 1850-களின் படங்களைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் ஜனமே இல்லையே’ என்று வியப்பவர்கள் உண்டு. பிரெடரிக் ஃபீபிக் 1850-களின் தொடக்கத்தில் எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய மதராஸ் படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் காமிராவுக்கு ஒரு படம் பதியவே பல வினாடிகள் பிடிக்கும். நடந்து போனவர்கள் பதியவில்லை. நின்றவர்களும் சுவரும் மரமும் மட்டும் தங்கின. உற்றுப் பார்த்தால் தரையோரம் புகைபோல ஒரு கறை தெரியும். அது யாரோ நடந்து போனதுதான்.

இவையெல்லாம் காலத்தைச் சொல்பவை. காமிரா நின்ற சரியான இடத்தைப் பிடிக்க வேறொரு வழி இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். படத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு உயரமான பொருள்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தெருவில் நாம் இடமோ வலமோ நகர, அந்த மறைப்பு மாறும். படத்தில் இருப்பதுபோலவே மறைக்கும் இடத்துக்கு வந்துவிட்டால், காமிரா நின்ற நேர்கோட்டில் நாமும் நிற்கிறோம். இன்னொரு ஜோடியை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் அந்தக் காமிரா நின்றது.

மாமியின் கடற்கரைப் படத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கட்டடத்தில் முன் கோபுரம் பின் கோபுரத்தைப் பாதி மறைத்திருந்தது. அது ஒரு கோடு. உழைப்பாளர் சிலையின் ஓரத்தில் பல்கலைக்கழக மணிக்கூண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது இரண்டாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமியும் அவர் பேத்தியும் நானும் போனோம். மரங்கள் வளர்ந்து பாதியை மறைத்துவிட்டன. இருந்தும் இலைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து, மணலில் பத்தடி வடக்கே, நாலடி கிழக்கே என்று நகர்ந்து, ஒரு கட்டத்தில் எல்லாம் பொருந்தியது. பேத்தி செல்போனில் படம் எடுத்தாள். மாமி குனிந்து அந்த இடத்து மணலைத் தொட்டுப் பார்த்தார். “அப்பா இங்கேதான் நின்னிருக்கார்,” என்றார். படத்தில் அவர் அப்பா இல்லை. காமிராவைப் பிடித்தவர் அவர்தான் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

காமிராவின் உயரத்தையும் இதேபோல் அறியலாம். கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் காமிராவின் கண் மட்டத்தில்தான் இருக்கும். அந்தக் கோடு நிற்பவர்களின் தலைகளை ஒட்டிப் போனால் தரையில் நின்று எடுத்தது. எதிர்க் கட்டடத்தின் மாடி ஜன்னலை ஒட்டிப் போனால் அந்த உயரத்து மாடியிலிருந்து எடுத்தது. இந்தச் சோதனைகளை எல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களுக்கும் போடவேண்டி வந்திருக்கிறது. ‘1920 மவுண்ட் ரோடு’ என்று கைப்பேசிகளில் சுற்றும் சில படங்களில் டிராம் கம்பி எங்கும் போய்ச் சேருவதில்லை, பலகையில் இருப்பது எந்த மொழி எழுத்தும் இல்லை. அவற்றைப் பகிர்கிறவர்கள் ஊர்மேல் உள்ள பாசத்தால்தான் பகிர்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு போலிப் படமும் உண்மையான படத்தின் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகிறது.

இவ்வளவு பாடுபட்டு இடம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் வழக்குகளைச் சொல்வேன். ஆர்மேனியன் தெருவில், அன்னி பெசன்ட் தொடங்கிய இளைஞர் சங்கத்துக்காக 1910-களில் எழுந்தது கோகலே மண்டபம். சுயாட்சிக் கோரிக்கை முழங்கிய மேடை அது. அதை இடிக்கத் தொடங்கியபோது வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2010-இல் வந்த ஒரு தீர்ப்பில் நீதிமன்றம், பாரம்பரியக் கட்டடங்களுக்காக சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) கீழ் ஒரு குழு வேண்டும் என்றது. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த 467 இடங்களின் பட்டியல்தான் அதற்கு அடிப்படை. வேடிக்கை என்னவென்றால், விளம்பரப் பலகைகள் எந்தக் கட்டடங்களை மறைக்கக் கூடாது என்ற வேறொரு வழக்கில் பிறந்த பட்டியல் அது. மவுண்ட் ரோட்டின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897-இல் கட்டியது, 2006-இல் இடிபடப் போய் நீதிமன்றத் தடையால் நின்றது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்ற மத்தியச் சட்டம் வலுவானதுதான். ஆனால் ஊரில் இருக்கும் பழைய கட்டடங்களில் மிகச் சிலவே அந்தக் குடைக்குள் வருகின்றன.

பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அந்தக் கட்டடத்தில் எது மூல வடிவம் என்று காட்ட முடிவது வேறு. ‘இந்த முகப்பெல்லாம் பின்னாளில் ஒட்டியது, இதில் பழமை ஒன்றும் இல்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, அதற்கு எதிரே வைக்க இடமும் காலமும் உறுதியான ஒரு படம் வேண்டும். இடம் தெரியாத படம் அழகான படம். இடம் தெரிந்த படம் ஆவணம்.

பழுது பார்க்கும்போது அதன் தேவை இன்னும் கூடும். 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்து கூரை விழுந்தது. பொதுப்பணித் துறை பின்னர் அதைப் பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. பழைய முறை என்றால் நம் ஊரின் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை. தேக்கு உத்தரங்களின்மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலையிலிருந்து சாய்வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். சுவருக்குச் சங்குச் சுண்ணாம்புப் பூச்சு. நன்றாகத் தேய்த்தால் பளிங்குபோல மின்னும். இந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில மழைக்காலங்களில் செங்கல் பொடியாக உதிரும். நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசிய பழைய வீடுகள் கெட்டது இப்படித்தான். எது மூலப் பூச்சு, எது பின்னால் அப்பியது, கைப்பிடிச் சுவரில் எத்தனை தூண், ஜன்னலில் எந்த மாதிரிக் கதவு என்பதற்கெல்லாம் வரைபடம் கிடைக்காத வீடுகளில் பழைய படம்தான் வரைபடம்.

அப்படிப்பட்ட படங்கள் யாருக்குக் கிடைக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். வெள்ளைக்கார ஒளிப்படக்காரர்களும் மவுண்ட் ரோட்டு ஸ்டூடியோக்களும் கோட்டை, சிலை, தேவாலயம், கடற்கரை மாளிகை என்று எடுத்தார்கள். விற்பனைக்கு அவைதான் ஆயின. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள்; நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று 1918-இல் அங்கேதான் பிறந்தது. அந்தத் தொழிலாளர்கள் வாழ்ந்த தெருக்களை யாரும் தபால் அட்டை ஆக்கவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு இவற்றின் பழைய முகம் இருக்கிறது என்றால் அது கல்யாண ஆல்பங்களில்தான், மாப்பிள்ளை ஊர்வலத்தின் பின்னணியாக. கடை திறப்பு விழாப் படத்தில், கட்சி மாநாட்டுக்குப் புறப்பட்ட லாரியின் பின்னால், ஒரு குழந்தையின் முதல் சைக்கிளுக்குப் பின்னால் அந்தத் தெருக்கள் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளில் முதலில் நனைந்தது கட்டிலுக்கடியில் இருந்த இந்த ஆல்பங்கள்தான். நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, தானாகப் பிரிந்தால் பிரித்து, முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்தினால் பல பிழைத்துவிடும். இது தெரியாமல் வெயிலில் காயவைத்துச் சுருண்டுபோன படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாமியின் டப்பாவில் அடியில் கிடந்த ஒரு படத்தை அவர் முதலில் எனக்குக் காட்டவே இல்லை. ‘அதுல ஒண்ணும் இல்லை, எங்க வீட்டு வாசல்’ என்று ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய தாத்தா திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். திண்ணையின் இரண்டு மரத்தூண்கள், மேலே ஓட்டுச் சரிவு, வாசலில் கோலம். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற ஐந்து படிகள். எங்கள் தெருவில் அந்த வீடு இன்னும் நிற்கிறது. போய் எண்ணினேன். இரண்டு படிகள்தான் இருக்கின்றன.

படிகளை யாரும் உடைக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு படி அரையடி என்று வைத்தாலும் ஒன்றரை அடி. மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும், ரேழிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்வதற்கும் காரணம் வீட்டின் வயது என்றுதான் வந்து பார்த்த மேஸ்திரிகள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். வீட்டைக் கொடுத்துவிட்டு அடுக்குமாடியில் இரண்டு பங்கு வாங்கிக்கொள்வதா என்று உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து வாரிசுகள், ஒழுகும் கூரை, பழுது பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துபோன ஊர்.

முடிவு எதுவானாலும் ஆகட்டும் என்று, படத்தில் காமிரா நின்ற அதே இடத்தைக் கண்டுபிடித்து, எதிர்வீட்டு வாசலில் நின்று மறுபடி ஒரு படம் எடுத்தோம். தூண்களின் உயரத்தையும் திண்ணையின் அகலத்தையும் பேத்தி நாடா பிடித்து அளந்து ஒரு நோட்டில் எழுதினாள். பழைய படத்தின் பின்பக்கம், அழுத்தாமல், மென்மையான பென்சிலால் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் தாத்தாவின் பெயரையும் மாமியே எழுதினார். ஆண்டு தெரியவில்லை, அதற்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். பிறகு வாசலில் உட்கார்ந்து, காலால் தார்ச் சாலையை ஒருமுறை தட்டினார்.

“அப்போ அந்த மூணு படியும் இதுக்குக் கீழேதான் இருக்கா?”

“இருக்கு மாமி.”